வாசலுக்கு வந்த கிண்ணங்கள்

சியோசாயாவின் கீழ்த்தாடையில் இருந்த அந்தக் கடைவாய்ப் பல் லேசில் வருவதாக இல்லை. குறடு பட்டதும் மேல்பாகம் மட்டும் உடைந்து கையோடு வந்துவிட்டது. வேர் எலும்புக்குள்ளேயே தங்கிவிட்டது. டாக்டரம்மா ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, வேரைத் துண்டு துண்டாக எடுத்துத் தையல் போட்டு முடிக்கும்போது அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சியோசாயாவின் வாய் நிறையப் பஞ்சு. அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் மனைவி லூசியானேயிடம்தான் சொன்னாள்.

"இவருக்குச் சர்க்கரை எத்தனை வருஷமா?"

"எங்க கடைசிப் பொண்ணு பொறந்ததுலேர்ந்து டாக்டர். காலையும் சாயங்காலமும் நான்தான் ஊசி போடுறேன்."

"அப்ப கேட்டுக்குங்க. என் வேலை முடிஞ்சுது. இனிமே புண்ணு ஆறுறது உங்க கையில. சர்க்கரை ஏறிச்சுன்னா சீழ் வைக்கும். மெல்ல முடியலைன்னு பட்டினி கிடக்கக் கூடாது, மீன் சூப்பு, முட்டை, மசிச்ச சேம்பு, எதையாவது முழுங்கட்டும். சாப்பாடு குறைஞ்சா ஊசியோட அளவைக் குறைக்கணும், எவ்வளவுன்னு எனக்கு போன் பண்ணுங்க. ஆனா ஊசியை நிறுத்தவே கூடாது."

லூசியானே தலையாட்டினாள்.

"இன்னொண்ணு. தாடைக்கு அடியில வீங்கி, நாக்கு மேல தூக்குற மாதிரி இருந்தா, எச்சில் முழுங்க முடியலைன்னா, அப்ப போன்கூடப் பண்ண வேணாம். படகு ஏறிடுங்க."

அதற்கும் தலையாட்டினாள். டாக்டர் சொன்னதைத் திருப்பிக் கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவள் அவள்.

ஆஸ்பத்திரி இருக்கும் நெயாஃபு நகரத்தின் துறையிலிருந்து அவர்களுடைய தீவான மோத்துஹிஃபோவுக்கு மொசேசேயின் படகில்தான் திரும்பினார்கள். மொசேசே தேவாலயப் பாடகர் குழுவில் கட்டைக் குரல்காரன். சியோசாயா அந்தக் குழுவை நடத்துகிறவன். கையைத் தூக்கினால் அறுபது பேர் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். ஒரு சுரம் பிசகினால் யார் என்று பெயர் சொல்லித் திட்டுவான்.

"என்ன வாத்தியாரே, இன்னைக்கு ஒரு திட்டையும் காணோம்?" என்று மொசேசே இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே கத்தினான். "லூசி, அந்த டாக்டருக்கு ஊர் சார்பா ஒரு பன்னி அனுப்பிடலாம். உன் புருஷன் வாயை மூடவச்ச ஒரே ஆளு!"

சியோசாயா பஞ்சைக் கடித்தபடி முஷ்டியைக் காட்டினான். லூசியானே சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் கடைசி.

அன்று சாயங்காலம் வழக்கமான அளவில் ஊசியைப் போட்டாள். சூப்பைச் சுட வைத்துக் கொண்டுவருவதற்குள் அவன் தூங்கிவிட்டிருந்தான். வலி மறந்து தூங்குகிறவனை எழுப்ப மனசு வரவில்லை. சட்டியை மூடி வைத்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்க வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவன் பாயின் மேல் உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டே நடுங்கிக்கொண்டிருந்தான். வியர்வை தாடையிலிருந்து ஒழுகியது. அவளை யார் என்று தெரியாதவன்போலப் பார்த்து, அவன் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று புரிந்து லூசியானே தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகத் தையல் இல்லாத பக்கம் ஊற்றினாள். பாதி அவன் மார்பில்தான் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் பார்வை திரும்பியது.

"லூசி... நான் எங்க போயிருந்தேன்?"

"எங்கயும் போகல. இங்கதான் இருக்கீங்க."

"நான் செத்துட்டேன்னு நினைச்சேன்." அவன் ஊசிப் பெட்டியைப் பார்த்தான். "அதைக் கண்ணுல காட்டாத இனிமே. பல்லு புடுங்குனவ கொல்லல, அதுதான் கொல்லப் பாத்துச்சு."

மறுநாள் காலையில் அவள் பெட்டியைத் திறந்தபோது அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். டாக்டருக்கு போன் செய்யலாம் என்று தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டுக்குக் கிளம்பினாள். அங்கே ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். வாசலிலேயே ஹெபிசிபா எதிரே வந்தாள்.

ஹெபிசிபா சியோசாயாவின் அக்கா. கல்யாணமாகி அதே ஊரில் நாலு வீடு தள்ளி இருப்பவள். பருத்த உடம்பும் மெல்லிய குரலும் கொண்டவள். தம்பி குடும்பத்தில் பிறப்புக்குப் பெயர் வைப்பதிலிருந்து சாவுச் சடங்குக்கு வந்து குவியும் பாய்களில் நல்லதை எடுத்துக்கொள்வது வரை அவள் சொல்தான் சொல். அது அவள் வாங்கிக்கொண்ட அதிகாரமில்லை. அந்த ஊரில் அக்காவாகப் பிறந்தாலே வந்துவிடுவது. அதே பிறப்பு அவளுக்கு ஒரு தடையையும் வைத்திருந்தது. வயசுக்கு வந்தபின் அக்காவும் தம்பியும் ஓர் அறையில் இருக்கக் கூடாது. அவன் படுக்கும் இடத்தை அவள் பார்க்கக் கூடாது. உடம்பைப் பற்றிய பேச்சும் இருவருக்கும் நடுவே கூடாது. ஆகவே அவள் எப்போதும்போல முன்கூடத்துப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். நடுவில் ஒரு பூப்போட்ட திரை.

லூசியானே முந்தின நாள் நடந்ததைச் சொன்னாள்.

"சாப்பிடாதவனுக்கு ஊசி எதுக்குடி?" என்றாள் ஹெபிசிபா. "எண்ணெய் இல்லாத விளக்கை யாராவது ஊதி அணைப்பாங்களா? முதல்ல உடம்புல தெம்பு வரட்டும். நல்லா சாப்பிட ஆரம்பிச்சப்புறம் ஊசியைப் பத்தி யோசிக்கலாம்."

"டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னு..."

"டாக்டரா ராத்திரி பகலா பக்கத்துல இருக்கா? நேத்து நீ இல்லேன்னா இன்னைக்கு நாம குழி வெட்டிக்கிட்டு இருப்போம்." பிறகு திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "தம்பி, சரிதானே?"

"சரிக்கா" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

லூசியானே மேட்டுக்குப் போகவில்லை. நாத்தனார் ஒன்று சொல்லி, புருஷனும் அதற்குச் சரி சொன்ன பிறகு, போய் வேறொருத்தியிடம் கேட்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாட்டு வாத்தியாருக்கு மெல்ல முடியவில்லை என்ற செய்தி ஊர் முழுக்கப் பரவியது. அந்த ஊரில் அன்பு என்றால் சாப்பாடு. மெல்ல முடியாதவனுக்கு எது சுலபமாக இறங்கும்? தர்பூசணியைத் துருவித் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் கலந்த பானம் ஒரு வாளி வந்தது. பழுத்த வாழைப்பழத்தைக் கரைத்துக் காய்ச்சிய கூழ் வந்தது. தோபாய் வந்தது. அது மாவு உருண்டைகளை வேகவைத்துத் தேங்காய்ப் பாகில் மிதக்க விடுவது, நாக்கால் அழுத்தினாலே கரைந்துவிடும். நெயாஃபுவிலிருந்து வந்த யாரோ டப்பா ஐஸ்கிரீம்கூடக் கொண்டுவந்தார்கள், உருகியிருந்தது. கிண்ணங்கள் வாசலில் வந்து இறங்கின. ஹெபிசிபா ஒவ்வொன்றாகத் திரைக்கு அடியில் தள்ளினாள். "இது மொசேசே பொண்டாட்டி பண்ணது தம்பி, மிச்சம் வச்சா வருத்தப்படுவா."

அவன் மிச்சம் வைக்கவில்லை. அவனுக்குத் தாகமாக இருந்தது. குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது.

வெள்ளிக்கிழமை காலையில் லூசியானே அவன் விரலைக் குத்தி, சர்க்கரை பார்க்கும் இயந்திரத்தில் ரத்தத்தை வைத்தாள். அந்த ஊர் அளவில் ஆறு, ஏழு என்று காட்டும் நாட்களில் அவள் நிம்மதியாகத் துணி துவைக்கப் போவாள். பத்தைத் தாண்டினால் அவனைத் திட்டுவாள். இப்போது பத்தொன்பது காட்டியது.

"என்ன சொல்லுது?" என்றான் அவன்.

"கூட இருக்கு."

"கூட இருந்தா தெம்பு வந்திருக்குன்னு அர்த்தம்."

அவன் கன்னம் வீங்கியிருந்தது. பல் பிடுங்கினால் கன்னம் வீங்கத்தான் செய்யும் என்று டாக்டரே சொல்லியிருந்தாள். ஆனால் லூசியானே அவனுக்கு முகம் துடைத்துவிட்டபோது, கன்னத்துக்குக் கீழே, தாடை எலும்பின் உள்பக்கமாக அவள் விரல் எதிலோ முட்டியது. வீக்கம் என்றால் மெத்தென்று இருக்கும். இது பலகையைப் போல இருந்தது. அவன் வாயிலிருந்து வந்த வாடையும் மாறியிருந்தது. அவள் துணியைப் பிழிவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை மொசேசேயின் படகு நெயாஃபுவுக்குப் போயிற்று. மறுநாள் சபையின் பெரிய நாள். அங்கிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் பாடகர் குழுக்களை அழைத்துவர அவன் போய்வந்துகொண்டே இருந்தான்.

"இந்த நடையில நாமளும் போயிடலாம்" என்றாள் லூசியானே. "காட்டிட்டு வந்துடலாம்."

"நாளைக்குப் பாட்டு." அவனுக்கு வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. "மூணு மாசமா கத்திக் கத்திச் சொல்லிக்குடுத்தது. கையைத் தூக்கவும் நான் வாயைத் திறக்கணுமா? பாட்டு முடியட்டும். திங்கக்கிழமை போலாம்."

முன்கூடத்திலிருந்து ஹெபிசிபா சொன்னாள்: "மத்த ஊர்க்காரங்க முன்னாடி நம்ம குழு தலை இல்லாம நிக்கணுமா லூசி? திங்கக்கிழமை முதல் படகுல நானே கூட வர்றேன்."

படகு லூசியானே பார்த்துக்கொண்டிருக்கும்போதே பவளப் பாறை இடைவெளியைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போயிற்று. கத்திக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் மொசேசே திரும்பியிருப்பான். அவள் துறையில் நின்றுகொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீவில் எந்த இயந்திரமும் ஓடாது. நிலத்தை யாரும் கொத்துவதில்லை, படகை யாரும் தண்ணீரில் தள்ளுவதில்லை. பன்றிகள் உறுமுவதும் மணி அடிப்பதும்தான் கேட்கும். முதல் மணி அடித்தபோது சியோசாயா படுக்கை ஓரத்தில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். விடியலிலிருந்தே அப்படித்தான் இருந்தான். சாய்ந்தால் மூச்சு அடைத்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக மடியில் இருந்த துண்டில் இறங்கியது. கழுத்து என்று ஒன்று இல்லை. முகவாயிலிருந்து நெஞ்செலும்பு வரை ஒரே வீக்கமாகி, தோல் சிவந்து பளபளத்தது. அவன் வாயைக் கொஞ்சம் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அப்படியும் அவன் கறுப்புச் சட்டையைக் கொடு என்று சைகை காட்டினான்.

அவள் அவன் விரலைக் குத்தினாள். இயந்திரத்தில் எண் வரவில்லை. எண்ணுக்குப் பதிலாக இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. கெட்டுப்போயிற்றோ என்று மறுபடி குத்தினாள். மறுபடியும் அதே எழுத்துகள். அளக்கிற எல்லையைத் தாண்டிவிட்டது என்பதற்கு இயந்திரம் அப்படித்தான் சொல்லும் என்று எப்போதோ நர்ஸ் ஒருத்தி சொன்னது நினைவுக்கு வந்தது.

வெளியே ஹெபிசிபா வந்து உட்காரும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கறுப்பு உடையில், மரியாதைக்காக இடுப்பில் சுற்றும் பாயைக் கட்டி, தம்பியைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

"தம்பி, கிளம்பியாச்சா?"

"வழ்ழேங்கா" என்றது உள்ளே இருந்த குரல்.

ஹெபிசிபா சிரித்தாள். "வாயில இன்னும் தோபாயா? முழுங்கிட்டுப் பேசு."

லூசியானேவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் இந்த வீட்டில் முடிவுகளைச் சொன்னவள் அவனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவள் கேட்டது குரலை மட்டும். அவன் அக்காவுக்காக அந்தக் குரலை எவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்து அனுப்பிக்கொண்டிருந்தான் என்பது லூசியானேவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா, உள்ள வாங்க."

"என்ன?"

"உள்ள வந்து அவரைப் பாருங்க."

ஹெபிசிபாவின் முகம் மாறியது. "புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? அவன் படுக்குற இடத்துக்கு நான் வர்றதா?"

"ஆமா."

"இருபத்தஞ்சு வருஷமா இந்த வீட்டுல இருக்க, உனக்கு இதுகூடத் தெரியாதா?"

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் கூப்பிடுறேன். நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க, அவரும் கேக்க மாட்டாரு. உங்க கண்ணால பாத்துட்டு, அப்புறமும் திங்கக்கிழமை போலாம்னா போலாம். நான் வாயே திறக்க மாட்டேன்."

இரண்டாவது மணி அடித்தது. ஹெபிசிபா அவளையே பார்த்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்தாள். திரைக்கு முன்னால் ஒரு கணம் நின்று, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

சியோசாயா அக்காவைக் கண்டதும் துண்டைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டான். வெட்கத்தில் அவன் தோள்கள் குலுங்கின. அந்தக் குலுக்கலில் மூச்சு சிக்கி, விசிலடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. ஹெபிசிபா துண்டை எடுக்கச் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டாள். துண்டுக்குக் கீழே தெரிந்த கழுத்தைப் பார்த்தாள். அறைக்கு ஓரமாக அடுக்கியிருந்த காலிக் கிண்ணங்களையும் பார்த்தாள்.

"அவனுக்குச் சட்டையைப் போட்டுவிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். அந்தப் பருத்த உடம்பு அவ்வளவு வேகமாக நடக்கும் என்று லூசியானே நினைத்ததில்லை.

கோயிலில் புதுப்பாட்டைத் தொடங்கிவிட்டிருந்தார்கள். வாத்தியார் இல்லாமலே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது அடியில், கட்டைக் குரல்கள் நுழைகிற இடத்தில், பாட்டு அறுந்து நின்றது. பிறகு மொசேசே கறுப்பு உடையோடு கடற்கரைக்கு ஓடுவதை லூசியானே ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கடலில் அவர்கள் படகைத் தவிர எதுவும் இல்லை. சியோசாயா முன்னால் குனிந்து லூசியானேயின் தோளில் நெற்றியை வைத்திருந்தான். அலை தூக்கிப் போடும்போதெல்லாம் அவன் பின்னால் சாயப் பார்த்தான். அவள் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். ஹெபிசிபா படகின் முனையில் அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பவே இல்லை.

"மூச்சு இருக்கா?" என்றாள்.

"இருக்குக்கா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி: "இருக்கா?"

"இருக்கு."

நெயாஃபு குன்றுகள் தெரிய ஆரம்பித்தபோது சியோசாயாவின் நெற்றி அவள் தோளில் கனத்தது. விசில் சத்தம் நீண்டு, நின்று, மறுபடி வந்தது. அவன் உதடுகள் ஊதா நிறமாகியிருந்தன. "இருக்கா?" என்று ஹெபிசிபா கேட்டதற்கு லூசியானேயால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. முனையில் இருந்த அந்த முதுகு கல்லாகிப்போனதை அவள் பார்த்தாள்.

"இருக்கு. மொசேசே, இன்னும் வேகமா!"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கோயில் உடையிலேயே ஓடிவந்தாள். அவன் கழுத்தைப் பார்த்ததும் உள்ளே இருந்த நர்ஸுகளைத் தயாராகச் சொல்லி விரட்டினாள்.

"ஊசி கடைசியா எப்பப் போட்டீங்க?"

லூசியானே வாயைத் திறந்தாள். "புதன்கிழமை..."

"நான்தான் வேணாம்னேன்" என்றாள் ஹெபிசிபா. "இவ போடணும்னுதான் சொன்னா. அவனுக்கு இனிப்புக் குடுத்ததும் நான்தான்."

டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். வாய் வழியாகக் குழாய் போக இடமில்லை. கழுத்தில் ஓட்டை போட்டுத்தான் மூச்சுக்கு வழி செய்தார்கள். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கீறிச் சீழை எடுத்தார்கள். வெளி வராந்தா வரைக்கும் அந்த நாற்றம் வந்தது. ஹெபிசிபா வெறும் தரையில் உட்கார்ந்து இடுப்புப் பாயை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் விமானத்தில் தலைநகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைப்பான் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சர்க்கரை இறங்குவதற்கே வெகு நாள் ஆயிற்று. இறங்கிய பிறகுதான் கழுத்துப் புண் மூட ஆரம்பித்தது.

மழைக்காலம் தொடங்கும்போது அவன் வீடு திரும்பினான். பாதி உடம்பாகியிருந்தான். கழுத்தில் சுருங்கிய வடு. குரல் திரும்பவில்லை. காற்று மட்டும்தான் வந்தது, பக்கத்தில் காதை வைத்தால்தான் சொல் புரியும். பாடகர் குழுவின் முன்னால் கையைத் தூக்குகிறான். பிசகினவனைத் திட்ட முடியாமல் முறைக்கிறான். முன்பைவிட இப்போதுதான் பயமாக இருக்கிறது என்கிறார்கள்.

ஊசி நேரத்தில் அவன் சட்டையைத் தானே தூக்கிக் காட்டிவிடுவான். சூப்பைக் குடித்து முடித்தபின்தான் லூசியானே ஊசியை எடுப்பாள். ஹெபிசிபா முன்கூடத்துப் பாயில் வந்து உட்கார்ந்தால் முதலில் கேட்பது, "இன்னைக்கு என்ன எண்ணு?" என்றுதான். கிண்ணங்களோடு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். வருத்தப்படுகிறவர்கள் படட்டும் என்றாள்.

ஒருநாள் காலையில் மசித்த சேம்பைச் சாப்பிடும்போது அவன் கவளத்தை இடது பக்கமாகவே தள்ளிக்கொள்வதை லூசியானே கவனித்தாள். அது பல் பிடுங்கிய பக்கம். வழக்கமாக அந்தப் பக்கம் அவன் மெல்ல மாட்டான்.

"வலது பக்கம் என்ன?"

அவன் தலையை ஆட்டினான். ஒன்றுமில்லை.

"வாயைத் திறங்க."

திறந்தான். வலது கடைவாய்ப் பல்லின் அடியில் ஈறு கறுத்து உப்பியிருந்தது. விரலால் தொட்டாள். பல் அசைந்தது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் வாயருகே அவள் காதைக் கொண்டுவந்தான்.

"ஆறிடும்" என்றது காற்று. "வேணாம், லூசி. மறுபடி அது வேணாம்."

அவள் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு அவன் விரலைக் குத்திப் பார்த்தாள். பதினொன்று.

"பயமாத்தான் இருக்கு" என்றாள் லூசியானே. "எனக்கும்தான்."

அவள் மேட்டுக்குப் போய் டாக்டரம்மாவுக்கு போன் செய்தாள். இன்றைக்கு எவ்வளவு ஊசி போட வேண்டும் என்று கேட்டாள். சொன்னது சரியாக விளங்கவில்லை என்று மறுபடி கேட்டாள். விளங்கும் வரை கேட்டாள். பிறகு கீழே இறங்கி, அவனையும் கூட்டிக்கொண்டு, மொசேசேயின் படகு புறப்படும் முன்பே துறைக்குப் போய் நின்றாள்.